இடது காதுக்கு ஒரு பை

இரண்டு விரலால் இழுத்தால் கையோடு வந்துவிட வேண்டும். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகக் காற்று இழுத்தாலும் வரக் கூடாது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பிக்கு நான் போட்ட நிபந்தனை இவ்வளவுதான். இதற்காக நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் பம்ப் வடிவமைப்பது என் வேலை. வீடு பெருமாட்டியில், தென்னந்தோப்புக்கு நடுவில். தினமும் மாநில எல்லையைத் தாண்டிப் போய், தாண்டித் திரும்புகிறவன். வருடத்துக்கு ஒரு முறை லீவு போட்டுவிட்டுத் தாய்லாந்துக்குப் போய் விமானத்திலிருந்து குதிப்பேன். "பாராசூட்டோடதானுங்களே?" என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. பாராசூட் இல்லாமல் குதிப்பதற்கு அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும், நம் தோப்புக் கிணறு போதாதா என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவர் சிரிப்பார். அடுத்த தடவை பார்க்கும்போது அதையே மறுபடி கேட்பார்.

மேலேயிருந்து விழும்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதை மணிக்கட்டில் கட்டியிருக்கும் ஆல்டிமீட்டர் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டேதான் விழ வேண்டும். ஆனால் எட்டுப் பேர் கைகோத்து வட்டம் போட்டு விழும்போது நம் கை நம்மிடம் இருக்காது. கண்ணும் எதிரே இருக்கிறவர் மேல் இருக்கும். அந்த நேரத்துக்குத் துணையாக இருப்பதுதான் சத்தம் போடும் ஆல்டிமீட்டர். ஹெல்மெட்டுக்குள் காதோரம் உட்கார்ந்துகொண்டு மூன்று உயரங்களில் மூன்று விதமாகக் கத்தும். முதல் சத்தம், கையை விட்டுவிட்டு விலகிப் போ. இரண்டாவது, பாராசூட்டைத் திற. மூன்றாவது, இன்னுமா திறக்கவில்லை என்று வைவது. என் மனைவி அதற்கு வைத்த பெயர் 'கத்துற டப்பி'. வீட்டில் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

எனக்கு வலது காது பேருக்குத்தான் இருக்கிறது. சின்ன வயதில் சீழ் வடிந்து வடிந்து கேட்கும் திறன் போய்விட்டது. என் ஹெல்மெட்டில் டப்பி வைப்பதற்குத் தைத்த பையோ வலது பக்கம் மட்டும்தான் உண்டு. இரண்டு பக்கமும் பை உள்ள ஹெல்மெட் விற்கிறார்கள். வரவழைத்தும் பார்த்தேன். என் தலை பெரிய தலை. அவர்களிடம் இருந்த மிகப் பெரிய அளவே என் நெற்றியோடு நின்றுவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டு, பழைய ஹெல்மெட்டில் இடது பக்கம் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டு டப்பியை ஒட்டினேன். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு வருடம் தாய்லாந்தில் எட்டுப் பேரில் ஒருவனாக விழும்போது, உள்ளே வியர்வையில் டேப் நழுவி, டப்பி பிடரிப் பக்கம் போய்விட்டது. அது கத்தியிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. மற்றவர்கள் பிரிந்து போனதைப் பார்த்த பிறகுதான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பார்த்தேன். தாழ்வாகத்தான் திறந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்பது தரையில் இறங்கி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அங்கே எங்கள் பயிற்சியாளர் மலையாளி. என்னோடு மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். அன்றைக்கு அதிகம் பேசவில்லை. "எடோ, தனியா சாடிக்கோ. க்ரூப்ல வேண்டா. ஹெல்மெட் சரியாக்கீட்டு வா, ஞான் தன்னே டெஸ்ட் செய்யும்" என்று மட்டும் சொன்னார். தனியாகக் குதிப்பதற்கா அவ்வளவு தூரம் போகிறேன்? எட்டுப் பேரில் ஒருவனாக இருக்கத்தான் போகிறேன்.

இதை வீட்டில் சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் சொல்லவில்லைதான். ஆனால் இன்னொருவர் ஹெல்மெட் கேமராவில் எடுத்த வீடியோவைப் பெருமையாக மனைவியிடம் காட்டினேன். அவள் இரண்டு தடவை பார்த்தாள்.

"எல்லாரும் போயிட்டாங்க. நீங்க மட்டும் எதுக்குங்க பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னுட்டிருக்கீங்க?"

மறைக்க முடியவில்லை. சொன்னேன். அவள் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு, பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். உயிரோடு திரும்பி வந்ததற்கு நான் மொட்டை போட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளாம். அடுத்த தடவை விமானம் ஏறுவதற்கு முன்னால் அதை நிறைவேற்றிவிட வேண்டும். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். வேண்டுதலைப் பாக்கி வைத்துவிட்டு யாரும் தூரப் பயணம் போவதில்லை. சரி என்றேன்.

இரண்டாவது நிபந்தனையும் அவளுடையதுதான். "அந்த டப்பி கத்துறது உங்க காதுக்குக் கேக்குதுன்னு நான் கண்ணால பாக்கணும். பாத்தாத்தான் போகலாம்."

காதுக்குக் கேட்பதை எப்படிக் கண்ணால் பார்ப்பது என்று கேட்டேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

அடுத்த வருடம் பயணத்துக்கு நாள் நெருங்கியபோது வேலையை ஆரம்பித்தேன். முதலில் வெல்க்ரோ. ஒரு பட்டையை டப்பியிலும் மறு பட்டையை ஹெல்மெட்டின் உட்சுவரிலும் செருப்பு ஒட்டும் பசையால் ஒட்டினேன். நன்றாக நின்றது. வேலைக்குப் போகும்போது ஹெல்மெட்டைக் காரில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். மாசி வெயிலில் மூடிய கார் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கு மட்டும் சொல்லித் தர வேண்டியிருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால் பசை இளகி, பட்டை டப்பியோடு சேர்ந்து கழன்று, பாகு மாதிரி நூல்விட்டுத் தொங்கியது.

அடுத்து எலாஸ்டிக். உள்மெத்தைக்கு மேலே எலாஸ்டிக் பட்டை போட்டு டப்பியை அதற்குள் செருகினேன். டப்பி அசையவில்லை. ஆனால் மெத்தைக்கும் காதுக்கும் நடுவில் புடைத்துக்கொண்டு காதுமடலை நசுக்கியது. கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழற்றியபோது காது வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்து கிடந்தது. எறிந்துவிட்டேன். ஹெல்மெட்டை எறியும் தைரியம் இல்லாததால் எலாஸ்டிக்கை.

வெளி ஓட்டில் துளை போட்டுத் திருகாணி வைக்கலாமே என்று கம்பெனியில் ஒருவர் யோசனை சொன்னார். ஓட்டில் துளை போட்டால் அது தலையைக் காக்காது. வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருந்தாலும் ஆபத்து, பாராசூட் கயிறு அதில் மாட்டும். டப்பியைக் கயிறு போட்டுக் கட்டவும் கூடாது, அதே காரணம். பசையால் நிரந்தரமாக ஒட்டிவிட்டாலோ, ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முன்னால் வெளியே எடுத்துத் திரையைப் பார்க்க முடியாது, பேட்டரி மாற்ற முடியாது. இதையெல்லாம் நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

கடைசியில் உள்மெத்தையையே கழற்றினேன். இடது காதுக்கு நேரே, காதுத் துளைக்குச் சற்று மேலே, டப்பி பாதி அமுங்குகிற ஆழத்துக்கு ஸ்பாஞ்சைக் குடைந்தேன். பழைய லேப்டாப் உறையின் தடித்த துணியை வெட்டி, டப்பியைவிடச் சற்று இறுக்கமாக ஒரு பை. பையின் வாய் உச்சந்தலையைப் பார்த்தபடி, கீழே நழுவ வழியில்லாதபடி. வாயை மூட ஒரு சின்ன மடிப்பு, அதில் தைத்த வெல்க்ரோ. ஒட்டியதல்ல, தைத்தது. தேங்காய் மூட்டை தைக்கிற கோணி ஊசியும் மீன்பிடி நரம்பும் கொண்டு தைத்தேன். ஊசி மெத்தையில் ஏறியதைவிட என் கட்டைவிரலில் ஏறியதுதான் அதிகம். நான் வைத வசவுகளைக் கேட்டுவிட்டு மனைவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனால் பை அமைந்தது. மடிப்பைத் தூக்கி இரண்டு விரலால் இழுத்தால் டப்பி வந்தது. மூடிவிட்டு ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் போட்டு உலுக்கினால் வரவில்லை. தலையில் மாட்டி, தாடைப் பட்டையை இறுக்கினால் டப்பியில் சத்தம் வருகிற பக்கம் காதைத் தொடாமல் காதைப் பார்த்தபடி இருந்தது. அன்றைக்கு நான் கொஞ்சம் ஆடினேன் என்று மனைவி சொல்கிறாள். ஆடியிருப்பேன்.

அவளுடைய பரீட்சை இப்படி. டப்பியில் மூன்று சத்தத்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், நிறுத்தும்வரை அதையே திரும்பத் திரும்பக் கத்த வைக்கலாம். எதை வைத்தேன் என்று சொல்லாமல் அவளே அமுக்கி, அவளே பையில் செருகித் தருவாள். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காரில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். வண்டி வேகம் எடுத்ததும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கேட்கிற சத்தம் எதுவோ அத்தனை விரலைக் காட்ட வேண்டும். காற்றில் விழுகிற அளவுக்கு இரைச்சல் இல்லைதான். ஆனாலும் நல்ல இரைச்சல். என் கேட்கிற காது இடது. எங்கள் வண்டியில் ஓட்டுகிறவர் பக்கத்து இருக்கை இடது பக்கம்தான். அந்த ஒரு விஷயம்தான் எனக்குச் சாதகமாக அமைந்தது.

எங்கள் ஊரை ஒட்டிய சித்தூர் சாலையில் காலை வேளையில் அவள் வண்டியை ஓட்ட, நான் தலையை நீட்டி விரல் காட்டினேன். இரண்டு. சரி. மறுபடி, ஒன்று. சரி. தோப்புக்குத் தண்ணீர் கட்டப் போய்க்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, நாங்கள் திரும்பி வரும்வரை காத்திருந்து கேட்டார்.

"ஏனுங்க, காருக்குள்ள எதுக்குங்க ஹெல்மெட்டு? அம்மிணி ஓட்டறது அவ்வளவு பயமாங்க?"

"காது கேக்குதான்னு பாக்கறோமுங்க."

"அதுக்கு டாக்டர்கிட்டயல்லங்க போகோணும்?"

அந்த மாதத்தில் முதல் தடவையாக மனைவி சிரித்தாள். மூன்றாவது சத்தத்தையும் சரியாகக் காட்டினேன். அவள் தலையாட்டினாள். டிக்கெட் எடுத்தேன். பயிற்சியாளருக்கும் படம் எடுத்து அனுப்பினேன். "நன்னாயிட்டுண்டு" என்று பதில் வந்தது.

புறப்படுவதற்கு முன்னால் பழனிக்குப் போனோம். கீழே முடிக்கொட்டகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தேன். என்னுடையது சாதாரண முடி இல்லை. சுருட்டை, அடர்த்தி, சீப்பு உடைகிற முடி. அது கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. குளித்து, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு, மலை ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். மனைவி பஞ்சாமிர்தம் வாங்கினாள். மனசு லேசாக இருக்கிறது என்றாள். எனக்குத் தலையும் லேசாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டி கட்டும்போது ஹெல்மெட்டைச் சும்மா ஒரு முறை மாட்டிப் பார்த்தேன். தலையை இடது பக்கம் திருப்பினேன். நான் திரும்பினேன், ஹெல்மெட் திரும்பவில்லை.

முதலில் தாடைப் பட்டை தளர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். இறுக்கினேன். கழுத்து இறுகியது, மேலே ஹெல்மெட் ஆடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் விளங்கியது. நான் மெத்தையைக் குடைந்தது, பை தைத்தது, பரீட்சை எழுதியது எல்லாம் தலை நிறைய முடி வைத்துக்கொண்டு. அந்த முடிதான் ஹெல்மெட்டை நிரப்பிக்கொண்டிருந்தது. அதை இப்போது பழனியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஒரு பம்புக்குள் மயிரிழை இடைவெளி கூடிவிட்டால் கூட்டம் போட்டுக் கத்துகிறவன் நான். மொட்டை போடப் போகிறேன் என்று ஒரு வருடமாகத் தெரியும். ஹெல்மெட்டில் பை தைக்கப் போகிறேன் என்றும் தெரியும். இரண்டும் ஒரே தலைதான் என்பது மட்டும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இதெல்லாம் வேறு வேறு அலமாரி. வேண்டுதல் சாமி பாடு, ஹெல்மெட் என் பாடு.

"ஒரு தடவை பாத்துருவோம்" என்று வண்டியை எடுத்தாள். எந்தச் சத்தம் என்று சொல்லாமல் அமுக்கிச் செருகித் தந்தாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியதுமே காற்று ஹெல்மெட்டைப் பிடித்துத் திருப்பியது. டப்பி காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் போய் உட்கார்ந்தது. எங்கேயோ ஏதோ விட்டு விட்டுக் கத்துவது மட்டும் கேட்டது. இரண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டு விரலைக் காட்டினேன்.

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"மூணுங்க."

நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"மூணாவது. இன்னுமா திறக்கலைன்னு கத்துறது."  மலைமேல் இருக்கும் மறையூரில் பிறந்து வந்தவள் என்றாலும் எங்கள் பேச்சுக்குப் பழகிவிட்டாள். கோபமோ பயமோ வந்தால் மட்டும் பிறந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். "நீங்க எங்கிட்டும் போக வேணாம். அம்புட்டுத்தான்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஏறுவதற்கு அங்கே முடிகூட இல்லை. "மொட்டை அடிக்கச் சொன்னது யாரு, புள்ள? நானா வேண்டுனேன்? உன்னோட வேண்டுதல்தான் இப்ப என்னையக் கொல்லப் பாக்குது!" என்று கத்தினேன்.

சொன்ன மாத்திரத்திலேயே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் வண்டியைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டினாள்.  அவளுக்கும் அதுதான் தோன்றியிருக்கிறது என்பது முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. காப்பாற்றுவதற்காகக் கொடுத்த முடி, காப்பாற்றுகிற சத்தத்தைக் கொண்டுபோய்விட்டது.

வீட்டுக்கு வந்து நான் கண்டதையெல்லாம் செய்தேன். இடது பக்கம் ஸ்பாஞ்ச் வைத்தால் ஹெல்மெட் வலது பக்கம் சாய்ந்தது. இரண்டு பக்கமும் வைத்தால் உச்சியில் தூக்கிக்கொண்டது. துண்டைச் சுற்றி மாட்டினால் கண்ணுக்கு மேல் இறங்கியது. போதாததற்குத் தலையில் காய்ந்திருந்த சந்தனம் பொடியாக உதிர்ந்து வெல்க்ரோவின் கொக்கிகளுக்குள் புகுந்துகொண்டது. மடிப்பு ஒட்டவில்லை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அதைத் தேய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. ஐம்பதை நெருங்குகிற ஆள், மொட்டைத் தலையோடு, ஒரு வெல்க்ரோவைப் பார்த்து அழுதேன் என்றால் அழுதேன்தான்.

அவள் அலமாரியைத் திறந்து எதையோ தேடினாள். கொண்டுவந்து என் முன்னால் போட்டது மங்கி கேப். மறையூர்க் குளிருக்கு அவள் அப்பா போட்டுக்கொண்டிருந்தது, கம்பளி, தடிமன். கழுத்துப் பகுதியை வெட்டி எறிந்தாள். என் தலையில் மாட்டிவிட்டு, இடது காதுக்கு நேரே சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு, அதையும் வெட்டி ஓரம் அடித்தாள். என்னோடு பேசவில்லை. தலையைப் பிடித்துத் திருப்பும்போது மட்டும் கொஞ்சம் பலமாகவே திருப்பினாள்.

அதற்கு மேல் ஹெல்மெட்டை மாட்டினேன். தலையை உலுக்கினேன். நின்றது.

அன்று சாயங்காலமே மூன்று தடவை சித்தூர் சாலையில் போய் வந்தோம். மூன்று, ஒன்று, மூன்று. எல்லாம் சரி. வேண்டுமென்றே மூன்றை இரண்டு தடவை வைத்திருந்தாள். கடைசித் தடவை நான் விரல் காட்டியதும், "சரி, போயிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

தாய்லாந்தில் பயிற்சியாளர் மங்கி கேப்பைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவரே ஹெல்மெட்டை நாலா பக்கமும் பிடித்து ஆட்டினார், பையில் விரலை விட்டு இழுத்தார், தனியாக ஒரு தடவை குதிக்க வைத்தார். அடுத்த குதிப்பில் எட்டாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார். அந்த வெயில் நாட்டில் கம்பளித் தொப்பிக்குள் வியர்வை ஊற்றியது. ஆனால் வட்டத்தில் கைகோத்து விழும்போது முதல் சத்தம் இடது காதுக்குள் யாரோ கூப்பிட்டதுபோல் தெளிவாகக் கேட்டது. கையை விட்டேன், திரும்பினேன், விலகினேன். இரண்டாவது கேட்டது, திறந்தேன்.

கீழே இறங்கி முதலில் அவளைத்தான் கூப்பிட்டேன்.

"மூணும் கேட்டுச்சுங்களா?"

"ரெண்டுதான். மூணாவது கேக்காம இருந்தாத்தான் நல்லது, புள்ள."



திரும்பி வந்தபோது என் தலையில் முடி முளைத்துக் குத்த ஆரம்பித்திருந்தது. அடுத்த வருடம் முழு முடி இருக்கும், கேப் வேண்டாம், பை அப்படியே பொருந்தும் என்று சந்தோஷமாகச் சொன்னேன். "இனிமேல் மட்டும் மொட்டை கிட்டைன்னு வேண்டிராதே. ஒவ்வொரு தடவையும் என்னால தைக்க முடியாது."

அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். "உங்க முடியை வேண்டலீங்க."

"பின்னே?"

"என்னுதை. நீங்க ஏரோப்ளேன் ஏறுன அன்னிக்கே வேண்டிட்டேன். உங்க தலையில கை வெச்சா டப்பி நகருது. என் தலையில வெச்சா ஒண்ணும் நகராது."

சீப்பு இடுப்புவரை இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இன்றைக்கும் பேசுகிற முடி அது.

"ஒரு தடவைக்குத்தானே?"

"நீங்க குதிக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும்ங்க. பாத்துக் குதிங்க."

எனக்கு வந்த கோபத்தை எறிவதற்குக் கையில் எதுவும் இல்லை. திட்டவும் வழியில்லை. என் ஹெல்மெட்டுக்கு எந்தத் தொந்தரவும் வராதபடி எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தாள். அதே கொட்டகைக்கு மறுபடி போனோம். இந்தத் தடவை நான் பக்கத்தில் நின்றேன். கத்தி முதல் கோடு இழுத்தபோது அவள் என்னைத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

இப்போது மறுபடியும் மாசி வருகிறது. ஹெல்மெட் அலமாரியில் இருக்கிறது. மடிப்பைத் தூக்கி இரண்டு விரலால் இழுத்தால் டப்பி கையோடு வருகிறது, உலுக்கினால் வருவதில்லை. இதைவிட நல்ல பையை என்னால் தைக்க முடியாது. பயிற்சியாளர் இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார், எட்டாவது இடத்தை எனக்காக வைத்திருக்கிறாராம். அவளுக்கு முடி இப்போதுதான் காதை மூடுகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. நான் இன்னும் லீவு கேட்கவில்லை.